கனமான பம்பர் கார்டு போட்டா சேஃபா?

"304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்ல, பம்பருக்கு முன்னாடி மாட்டற தடுப்புக் கம்பியா கனமா ஒரு கார்டு போட்டுட்டா வண்டியும் சேஃப், உள்ள இருக்கறவங்களும் சேஃப்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். பாதிதான் சரி. 304ங்கற ஸ்டீல் வகை சுலபத்துல துருப்பிடிக்காது, உண்மை. ஆனா துரு வேற, மோதல் வேற. முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கற மாதிரிதான் வண்டியை வடிவமைச்சிருக்காங்க. கார்டை நேரா சேஸிஸ்ல (வண்டியோட அடிச்சட்டம்) போல்ட் போட்டு முறுக்கினா அந்த அடி உள்ள இருக்கறவங்க வரைக்கும் வரும். மோதலைக் கண்டுபிடிக்கற சென்சார் கணக்குத் தப்பி ஏர்பேக் லேட்டா விரியலாம். நடந்து போறவர் மேல பட்டா இன்னும் மோசம்.

அதோட, இந்த மாதிரி கார்டுக்கு எதிரா நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியாச்சு (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52). கார்டு விக்கறவர் இதைச் சொல்லுவாரா என்ன?