மஞ்சள் கட்டத்தில் இருந்தவர்

"எங்களுக்கு அவசரமாக இரண்டு ரிசோர்ஸ் வேண்டும்" என்று மெயில் வந்தால், கேட்பது கணினியையா மனிதரையா என்று யாரும் குழம்புவதில்லை. ரிசோர்ஸ் என்றால் ஆள். பல வருடம் நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்க இதை எழுதவில்லை. சொல்லுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கணக்கு இருக்கிறதே, அதுதான் என் பிரச்சினை. ஆள் ஒரு வளம், வளம் வீணாகக் கூடாது, அதனால் ஆள் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்கக் கூடாது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

அப்போது என் டீமில் பதினாலு பேர். வெள்ளிக்கிழமை மாலை ஆனால் எக்செல்லைத் திறந்து உட்காருவேன். இடது பக்கம் பெயர்கள், மேலே வாரங்கள், நடுவில், அந்த வாரம் ஒவ்வொருவர் நேரத்திலும் எவ்வளவு வேலையால் நிரம்பியிருக்கிறது என்று ஒரு சதவீதம். 85-க்கு மேலே இருந்தால் பச்சை, 60-இலிருந்து 85 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. திங்கள்கிழமை மீட்டிங்கில் இந்தத் தாளைத் திரையில் போடுவார்கள். பச்சையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மஞ்சளைக் காட்டி, "இவருக்கு என்ன வேலை கொடுத்திருக்கீங்க?" என்பார்கள். ஒரு வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள், மஞ்சளைக் கண்டாலே கை பரபரக்கும்.

எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர் வாராவாரம் மஞ்சளிலேயே இருப்பார். 65, 62, 68, இப்படி. அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடக்கும். எப்போது பார்த்தாலும் அதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "சார், இந்தத் தொகை போன மாசத்தோட ஒத்துப்போகலை" என்று ஒரு சின்னப் பையன் வருவான். அவர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். "நீ எதெதைப் பார்த்தே, முதல்ல அதைச் சொல்லு" என்பார். அவன் சொல்லச் சொல்ல, பாதியில் அவனுக்கே விடை கிடைத்துவிடும். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. எழுந்து போவான், அடுத்த ஆள் வந்து உட்காரும். இதில் ஒரு நிமிடம்கூட என் எக்செல்லில் ஏறவில்லை. ஏற்றுவதற்கு அதில் கட்டமே கிடையாது.

வேறொரு ப்ராஜெக்டில் ஆள் பற்றாக்குறை என்றார்கள். அவரை முழு நேரமாக அங்கே அனுப்பிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் கட்டமும் பச்சை ஆனது, முதல் முறையாக என் தாள் முழுக்கப் பச்சை. பெருமையாக இருந்தது, மறைப்பானேன். அந்தக் காலி நாற்காலியை யாரோ மீட்டிங் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், ஒரு வேலையும் முடிந்தபாடில்லை. அவர் பத்து நிமிடத்தில் தீர்க்கிற ஒரு சந்தேகத்தோடு இரண்டு பேர் இரண்டு நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே அறிக்கை தப்பும் தவறுமாக இரண்டு தடவை வாடிக்கையாளருக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆனால் தாளில் எல்லோரும் பச்சை. ஏன் இருக்காது? தேடுவதும், காத்திருப்பதும், செய்ததையே திரும்பச் செய்வதும் வேலைக் கணக்கில்தானே சேர்கின்றன. சொல்லப்போனால் நிலைமை மோசமாக ஆக ஆகத்தான் தாள் இன்னும் பசுமையானது.

அப்போது இது எனக்குப் புரியவில்லை. ஆட்கள் கவனமாக இல்லை என்று நினைத்து இரண்டு மீட்டிங் கூட்டி அறிவுரை வேறு சொன்னேன். பிறகு ஒரு நண்பர், காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணக்குப் பாடம் படித்தவர், ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதிக் காட்டினார். இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை இணைப்பு வைத்தால் அழைப்பவர்கள் எவ்வளவு காத்திருப்பார்கள் என்ற கேள்வியில் இறங்கி, 1909-இலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்.

நண்பர் எழுதிக் காட்டியது இதுதான். ஒருவரிடம் வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்கின்றன, எது எவ்வளவு நேரம் இழுக்கும் என்றும் முன்கூட்டித் தெரியாது. நம் அலுவலக வேலை பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு வேலையை முடிக்கச் சராசரியாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 4 மணி நேரம். 90 என்றால் 9 மணி நேரம். 95 என்றால் 19 மணி நேரம். 80-இலிருந்து 95-க்கு ஏற்றியதில் அவரிடம் நாம் வாங்கிய கூடுதல் உழைப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 100 என்றால் வரிசை குறையவே குறையாது, வளர்ந்துகொண்டேதான் போகும். நான் யாரைப் பார்த்து "சும்மா இருக்கிறார்" என்று கவலைப்பட்டேனோ, அவருடைய சும்மா இருந்த நேரத்தில்தான் மற்ற பதின்மூன்று பேரின் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

இயந்திரத்துக்கும் இதே கணக்குதான். அதனால் "மனிதர்களை இயந்திரம் மாதிரி நடத்தாதீர்கள்" என்று உருகிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சின்னச் சிரிப்பு வரும். சர்வரை யாரும் 100 சதவீதத்தில் ஓடவிடுவதில்லை. 80-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை மணி அடிக்க ஏற்பாடு செய்துவைப்பார்கள். இயந்திரத்துக்குக் கொடுக்கிற மரியாதையை ஆளுக்கும் கொடுத்தால் எங்கள் டீமில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு கயிறு இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளிக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் அதை இழுக்கலாம். அந்த இடத்து வேலைக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் சிக்கல் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கயிற்றைப் பற்றித்தான் வாய் கிழியப் பேசுவார்கள்: தொழிலாளிக்கு எவ்வளவு அதிகாரம் பாருங்கள் என்று. சரி, கயிற்றை இழுத்தால் வருவது யார்? அங்கே சிறு சிறு குழுக்களுக்கு ஒரு குழுத்தலைவர் உண்டு. வழக்கமான நாளில் அவர் கையில் வரிசை வேலை எதுவும் கட்டிவைக்கப்பட்டிருக்காது. கயிறு இழுபட்டால் அந்த நொடியே போய் நிற்க வேண்டும், அதற்குத்தான். என் எக்செல்லில் போட்டால் அவர் மஞ்சள், ஏன், சிவப்பாகக்கூட இருப்பார். அந்த ஆளையும் வரிசையில் நிற்க வைத்துவிட்டுக் கயிற்றை மட்டும் தொங்கவிட்டால், அது வெறும் கயிறு. "எந்த நேரமும் என் கதவு திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க மீட்டிங்கில் கிடக்கும் மேனேஜர்களுக்கும் இது பொருந்தும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சரி, வேலை தாமதமாகிறது. அடுத்து என்ன செய்வோம்? கூடுதலாக ஆள் கேட்போம். நானும் கேட்டேன், மூன்று பேர் வந்தார்கள். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இலேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 வழிகள். பத்து பேர் என்றால் 45. வந்தவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரைத்தான் நான் ஏற்கெனவே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டேனே. மூன்று பேரும் முதல் மாதம் முழுக்க எதிரில் இருப்பவர் எப்போது நிமிர்வார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆள் கூடினால் ஒவ்வொருவரின் பங்கும் குறையும் என்பதும் பழைய கதைதான். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்து, 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுத்தால் வரும் மொத்த பலத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் வந்தது. இதை "ஆட்கள் சோம்பேறிகள்" என்று படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டுப் பேர் ஒரே நொடியில் ஒரே திசையில் இழுப்பது சாதாரணக் காரியமா என்ன? சேர்த்து இழுக்கவைக்க ஒருவர் நின்று குரல் கொடுக்க வேண்டும். அவரும் கயிற்றைப் பிடிக்காத ஆள்தான், கணக்குப்படி.

அப்புறம் அந்த மூத்தவர் கதை. போன இடத்தில் ஏழு மாதம் இருந்தார். பிறகு ராஜினாமா. கடைசி நாளன்று நான் கேட்டதற்கு, "வேலை அதிகம்னு போகலை. அங்க யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கலை" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சம்பளம் போதவில்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், மேலே கை காட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆட்கள் போவதன் விலையை நிறுவனங்கள் கணக்கில் எழுதுவதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டு பழைய உதாரணம். 1913-இல் நகரும் அசெம்பிளி வரிசை வந்தது, வேலை துண்டு துண்டானது, ஆட்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். அந்த ஆண்டு ஆட்கள் விலகிய விகிதம் 370 சதவீதம். 100 இடங்களை நிரப்பி வைத்திருக்க ஓர் ஆண்டில் 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது என்று அர்த்தம். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்து, வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார்கள். பெரிய மனசு என்று சிலர் புகழ்வார்கள். அந்தச் சம்பளத்தோடு தொழிலாளியின் வீட்டுக்குள் வந்து எப்படி வாழ்கிறாய் என்று விசாரிக்கிற ஆட்களும் வந்தார்கள், அது தனிக் கதை. என்னைப் பொறுத்தவரை அது கணக்குத் தெரிந்தவர் போட்ட கணக்கு. ஓடுகிற ஆளின் செலவு, இருக்கிற ஆளின் சம்பளத்தைவிட அதிகம் என்று ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறார்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "அப்படியானால் ஏமாற்றுகிறவன் எல்லாம் மஞ்சளில் ஒளிந்துகொள்வானே?" ஒளிவான்தான். ஆனால் என் அனுபவத்தில் ஏமாற்றத் தெரிந்தவர் மஞ்சளில் இருக்கவே மாட்டார். அவருடைய கட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பச்சையாக இருக்கும், சதவீதத்தை நிரப்புவது அவருக்குக் கைவந்த கலை. இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: மணிக்கணக்கில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் நிறுவனத்தில், நிரம்பாத மணி நேரம் நேரடி நஷ்டம் அல்லவா? உண்மைதான், அங்கே மேனேஜரால் தனியாக ஒன்றும் கிழிக்க முடியாது. விலை பேசும்போதே அந்த இடைவெளியைச் சேர்த்துப் பேச வேண்டும், விலை பேசுகிறவர்களோ அந்த மீட்டிங்குக்கு நம்மைக் கூப்பிடுவதில்லை.

இப்போது வேறு டீம். நான் செய்வது பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆட்களைப் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, வேலைகளைப் பட்டியல் போடுகிறேன். எந்த வேலை, யாருக்காக, எத்தனை நாளாக நிற்கிறது, அவ்வளவுதான். முதல் வாரம் எண்ணியபோது கையில் 40 வேலை இருந்தது, ஒரு மாதத்தில் முடிவதோ 10. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த எளிய வகுத்தல் ஒன்று இருக்கிறது: கையில் இருப்பதை, முடிகிற வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம். 40-ஐ 10-ஆல் வகுத்தால் 4 மாதம். வாடிக்கையாளரிடம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஆறு வாரம்! யாரையும் விரட்டவில்லை. புது வேலை எடுப்பதை நிறுத்தி, தொடங்கியதை முதலில் முடிக்கச் சொன்னேன். கையில் 18 என்று இறங்குவதற்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் "ஏன் புது வேலை தொடங்கவில்லை" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். முறை வைத்து வாரம் ஒருவர் எந்த வேலையும் இல்லாமல், கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மட்டும் இருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரும் அதில் உட்காரவில்லை, எல்லோருக்கும் கூச்சம். பிறகு சரியாகிவிட்டது.

போன மாதம் மேலிடத்திலிருந்து மெயில் வந்தது: உங்கள் ரிசோர்ஸ்களின் பயன்பாட்டு விவரத்தை அனுப்பவும். நான் வேலைப் பட்டியலை அனுப்பினேன். எது எங்கே எத்தனை நாளாக நிற்கிறது, எந்த முடிவு யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. ஒன்பது வேலைகள் மேலிடத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன, அதையும் தேதியோடு எழுதியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. "மிகவும் பயனுள்ள தகவல். நன்றி. சதவீதம் எங்கே?"

இன்னும் பதில் போடவில்லை.