ஸ்பாரபெட் ராஜா குடுத்த பதவி இல்ல, குடும்பச் சொத்து

மேல ஒருத்தர் ‘ஆர்மீனியாவுல ஸ்பாரபெட்னா ராஜா தனக்குப் பிடிச்ச தளபதிக்குக் குடுக்குற பட்டம், 451ல வார்தான் மாமிகோனியன்ங்குற தளபதி செத்ததோட அது முடிஞ்சுபோச்சு’ன்னு எழுதியிருக்காரு. ரெண்டுமே தப்புங்க.

ஸ்பாரபெட்னா மொத்தப் படைக்கும் தலைவர். ஆனா அது மாமிகோனியன் குடும்பத்தோட பரம்பரை உரிமை, அப்பனுக்கப்புறம் மகன், இல்லன்னா குடும்பத்துல மூத்தவர்னு போகும். அதேமாதிரி ராஜாவுக்கு முடிசூட்டுற உரிமை பக்ராத்துனி குடும்பத்துக்கு. 4ம் நூற்றாண்டுல வரஸ்தாத் ராஜா, ஸ்பாரபெட்டா இருந்த முஷேக் மாமிகோனியனைக் கொன்னுட்டு பதவியை வேற குடும்பத்துல பாட் சகாருனிக்குக் குடுத்தாரு, என்ன ஆச்சு? மானுவேல் மாமிகோனியன் திரும்பி வந்து பதவியைத் தானே எடுத்துக்கிட்டு ராஜாவையே நாட்டை விட்டுத் துரத்திட்டாரு. ராஜா நினைச்சா மாத்துற பதவின்னா இப்படி நடக்குமா?

இன்னொண்ணு, 428லயே ஆர்மீனியாவுல அரச வம்சம் போயிருச்சு, பாரசீகம் நேரடியா ஆண்டுச்சு. வார்தான் பாரசீகப் படையோட மோதிச் செத்த அவராய்ர் போர் 451ல. அப்போ ராஜாவே இல்லாத நாட்டுல வார்தான் ஸ்பாரபெட்டா இருந்தாரு, அவர் பின்னாடி அத்தனை பேர் திரண்டு வந்ததுக்கு இந்தப் பரம்பரை மரியாதையும் பெரிய காரணம், இதை விட்டுட்டு வார்தானைப் பத்திப் பேசவே முடியாதுன்னு நான் நினைக்கிறேன்.

அவரோட அந்தப் பதவி முடியவும் இல்ல. பின்னாடி அதே பக்ராத்துனி குடும்பம் ஆண்ட ராஜ்யத்துல முதலாம் அஷோத்தோட தம்பி அபாஸ் ஸ்பாரபெட். 13ம் நூற்றாண்டுல சிலிசியாவுல (இப்போதைய துருக்கியோட தெற்குக் கரையில இருந்த ஆர்மீனிய ராஜ்யம்) ஹெத்தும் ராஜாவோட அண்ணன் ஸ்ம்பாத், மங்கோலியர்களோட தலைநகர் காரகோரம் வரைக்கும் தூது போனவரு, அவரும் ஸ்பாரபெட்தான். தயவுசெஞ்சு அந்தப் பதிவைத் திருத்திடுங்க.