முட்டம் பாறையில் ஒரு கன்ட்ரோலர்

மூன்று நாளாகப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஒரு பையன் கன்ட்ரோலரைக் கடலில் எறிகிற அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, நீங்களும் எக்ஸ்பாக்ஸ்தானே, உங்க கன்ட்ரோலர் பத்திரமா இருக்கா?" என்று கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அதனால் எழுதுகிறேன். யார், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், சின்னப் பையன்.

தம்பி, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கே உரியது என்று இருந்த ஹேலோ விளையாட்டு சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டிக்கும் போகிறது என்ற ஆத்திரத்தில் முட்டம் பாறையில் ஏறி நின்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கன்ட்ரோலரைக் கடலில் எறிந்தாயே, அதில் மைக்ரோசாஃப்ட்டுக்கு என்ன போச்சு? ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விலை உள்ள பொருள். அடுத்த மாதம் நீயே இன்னொன்று வாங்குவாய். அவர்களுக்கு லாபம். நஷ்டம் உன் அப்பாவுக்கு. அப்புறம், விடியக்காலம் வலை இழுக்கும்போது மீனோடு சேர்ந்து கருப்பாக ஒரு பிளாஸ்டிக் சவம் ஏறி வருவதைப் பார்த்து முழிக்கப்போகிற யாரோ ஒரு கடப்புறத்துக்காரருக்கு.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. பிளேஸ்டேஷன் வைத்திருக்கிறவன் விளையாடினால் உனக்கு என்ன குறைந்தது?

2001-இல் வந்த முதல் ஹேலோவின் கதைப் பகுதியைப் புதிதாகச் செய்து 2026-இல் விடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸுக்கும் வருகிறது, கம்ப்யூட்டருக்கும் வருகிறது, பிஎஸ்5 என்கிற பிளேஸ்டேஷன் 5-க்கும் வருகிறது. உன் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டா போகிறார்கள்? கல்யாணப் பந்தியில் உன் இலையில் அடைப்பிரதமன் பாயசம் விளம்பியாச்சு. விளம்புகிறவன் அடுத்த இலைக்குப் போகிறான். அதைப் பார்த்து நீ இலையை மூடிவிட்டு எழுந்தால், பெண் வீட்டுக்காரர் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்?

அதுவும் ஹேலோவுக்காக! 1999-இல் மேக்வேர்ல்ட் மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய விளையாட்டு அது. அடுத்த வருடமே அதைச் செய்துகொண்டிருந்த பங்கி ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸோடு ஹேலோ வந்தபோது, எறிவதற்கு நியாயம் இருந்தவர்கள் ஆப்பிள் மேக் வைத்திருந்தவர்கள்தான். 2007-இல் பங்கி தனிக்குடித்தனம் போனது, ஹேலோ மைக்ரோசாஃப்ட் வீட்டிலேயே தங்கிவிட்டது. 2022-இல் பங்கியை வாங்கியது யார் தெரியுமா? சோனி. பெற்ற தாய் இன்றைக்கு எதிர் வீட்டில் இருக்கிறாள். எங்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிச் சொத்து வழக்குகளில்கூட இத்தனை திருப்பம் இருந்திருக்காது. இதில் நீ யாருக்கு வாரிசு என்று பாறை ஏறினாய்?

இது நேற்றுத் தொடங்கிய கதையும் இல்லை. 2024 பிப்ரவரியில் நான்கு விளையாட்டுகளை மற்றப் பெட்டிகளுக்கும் விடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. பென்டிமென்ட், ஹைஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ். அப்போதே ஒரு ஒப்பாரி. 2025 ஏப்ரலில் இண்டியானா ஜோன்ஸும் ஃபோர்ஸா ஹொரைசன் 5-உம் பிஎஸ்5-க்குப் போயின, இன்னொரு ஒப்பாரி. ஆகஸ்ட்டில் கியர்ஸ் ஆஃப் வார். ஒவ்வொரு தடவையும் "இதோடு எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று எழுதுகிறார்கள். மறுநாள் பார்த்தால் அதே ஆள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது, அதே பெட்டியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்.

என் கதையைச் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

2008. நான் பிளஸ் ஒன். வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடிக் கேம் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நானும் மாமா மகனும் பிஎஸ்2 விளையாடுவோம். ஒரே பெஞ்சு, ஒரே டிவி. அந்த வருடம் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு எக்ஸ்பாக்ஸ் 360 கொண்டுவந்தார். நான் கேட்டு விட்டது பிஎஸ்3. "ரெண்டும் ஒண்ணுதான், இது மலிவுன்னு கடைக்காரன் சொன்னான் மக்ளே" என்றார். ஆக, என் பதினேழு வருட விசுவாசத்தை முடிவு செய்தவர் மஸ்கட்டில் இருந்த ஒரு கடைக்காரர். உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். கேட்டால் ஆளாளுக்குப் பெட்டியின் வேகம் இத்தனை டெராஃப்ளாப் என்று கணக்கு சொல்வீர்கள்.

அந்தக் கன்ட்ரோலர் வயர் இல்லாதது, இரண்டு பேட்டரி தின்னும். பேட்டரிக்கு வீட்டில் காசு கிடைக்காது. ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றைக் கழற்றுவேன், சாமி அறைக் கடிகாரத்திலிருந்து இன்னொன்று. விளையாடி முடித்துத் திரும்ப மாட்டினால் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும். ஒரு நாள் அதைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நினைத்து அம்மா ஆறரை பஸ்ஸை விட்டுவிட்டாள். "சவத்தெளவு பெட்டி" என்று அன்றைக்கு அவள் வைத்த பெயர்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் எக்ஸ்பாக்ஸுக்குப் பெயர்.

கொஞ்ச நாளில் குழித்துறையில் மாமா வீட்டுக்கு பிஎஸ்3 வந்தது. அதோடு பெஞ்சு இரண்டானது. அவனிடம் இருந்தது என்னிடம் ஓடாது, என்னிடம் இருந்தது அவனிடம் ஓடாது. அக்கா வீட்டுப் பால்காய்ச்சில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது "உனக்க பெட்டியெல்லாம் ஒரு பெட்டியாலே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். சாம்பார் வாளி கவிழ்ந்தது. ஒன்றரை வருடம் பேச்சு இல்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கிற இரண்டு கம்பெனிகளுக்காகக் குழித்துறையில் ஒரு வாளி சாம்பார்.

இப்போது அவன் தோஹாவில், பிஎஸ்5 வைத்திருக்கிறான். 2025 திருவோண லீவில் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் சரிந்த பிறகு போன் பண்ணினான். "கியர்ஸ் எடுத்திருக்கேன், வாறியா?" தோஹாவில் அவன், தக்கலையில் நான். வேறு வேறு பெட்டி, ஒரே விளையாட்டு. வாசலில் மகள் போட்ட அத்தப்பூவில் தோவாளைப் பூவெல்லாம் வெயிலில் சுருங்கிக் கிடந்தது. உள்ளே நான் முப்பத்து மூன்று வயதில் "லேய் பொறத்தால வாரான், பொறத்தால" என்று கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை நான் அடிபட்டு விழுந்தபோது, அவன் குண்டுமழைக்கு நடுவில் ஓடிவந்து தூக்கிவிட்டான். "எப்பவும் போலத்தான் விளையாடுகா மக்கா, ஒரு மாற்றமும் இல்ல" என்றான்.

இதைத்தான் தடுக்க வேண்டும் என்கிறீர்கள். இது நடந்ததால் உங்களுக்கு என்ன குறைந்தது?

"அப்போ நாங்க எதுக்கு இந்தப் பெட்டிய வாங்கினோம்?" என்று கேட்பீர்கள் என்று தெரியும். நானும் சும்மா வாங்கவில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், 34,990 ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை, ஜெராக்ஸ் கடை வருமானத்தில். விளையாட வாங்கினேன், விளையாடினேன். பக்கத்து வீட்டுக்காரனால் முடியாது என்பதற்காகவா நீ தவணை கட்டினாய்? அப்படியென்றால் நீ வாங்கியது விளையாட்டு இல்லை, மதில் சுவர். சரி, "இங்கே மட்டும்தான்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவர்கள் பெட்டியை விற்றார்கள், அது உண்மை. அந்தக் கோபம் நியாயம். நியாயமில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நீ திட்டுவது யாரை? ரெட்மண்டில் இருக்கிற மைக்ரோசாஃப்ட் அதிகாரியையா, மார்த்தாண்டத்தில் பிஎஸ்5 வைத்திருக்கிற பையனையா?

"நின்டென்டோ இப்படிச் செய்யுமா?" செய்யாது. அதுவும் பெட்டி விற்கிற கம்பெனிதான், ஆனால் வேறு தறவாடு. அவர்களும் 2016-இல் மரியோவை ஐபோனில் ஓடவிட்டார்கள், அதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

"சேகாவுக்கு என்ன ஆச்சு பாத்தீங்களா?" பார்த்தேன். 2001 ஜனவரி கடைசியில் ட்ரீம்காஸ்ட் என்ற தங்கள் பெட்டியை நிறுத்துகிறோம் என்றார்கள். அந்த டிசம்பரிலேயே அவர்கள் விளையாட்டு நாயகன் சோனிக் நின்டென்டோ பெட்டியில் ஓடினான். இன்றைக்கும் ஓடுகிறான், சினிமாவிலும் ஓடுகிறான். பெட்டி செத்துப்போச்சே என்றால், ஆமாம், செத்தது. அதைப் பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை.

கம்பெனிக்குச் சொம்பு தூக்குகிறேன் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள்.

பிளேஸ்டேஷன் பக்கம் நின்று சிரிக்கிறவர்களிடம் வருகிறேன். "அண்ணே, எக்ஸ்பாக்ஸுக்கு அடியந்திரம் எப்போ? சாப்பிட வரணும்" என்று, ஏதோ சாவு வீட்டுச் சடங்குச் சாப்பாடு போல, கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனவர் இதைப் படிப்பார். 2020 ஆகஸ்ட்டில் சோனியின் ஹொரைசன் ஜீரோ டான் கம்ப்யூட்டருக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேர் மூக்கைச் சிந்தினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. 2022-இல் காட் ஆஃப் வாரும் ஸ்பைடர்மேனும் அதே வழியில் போயின. 2025 ஆகஸ்ட் 26-ஆம் தேதி கியர்ஸ் பிஎஸ்5-க்கு வந்தது, சரி. அதே நாளில் சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. அன்றைக்கு யாருக்கு அடியந்திரம்? அங்கே கணக்குப் போடுகிறவர்கள் சம்பந்தம் பேசி முடித்து வெற்றிலை பாக்கும் மாற்றிவிட்டார்கள். இங்கே நாம் இன்னும் பால்காய்ச்சு வீட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எறிய வேண்டும் என்றால் எறிவதற்கு வேறு நாட்கள் இருந்தன. ஹைஃபை ரஷ் 2024 மார்ச்சில் பிஎஸ்5-க்குப் போனதற்கு ஒப்பாரி வைத்தீர்கள். அதே வருடம் மே மாதம் அதைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவையே மூடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அத்தனை பரிசு வாங்கிய விளையாட்டைச் செய்தவர்கள். கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி எடுத்துக்கொண்டதால் அந்த ஸ்டுடியோ பிழைத்தது. அன்றைக்கு எவன் பாறை ஏறினான்? 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் முழுவதுமாகச் சுமார் 9,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வருடக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்த பெர்ஃபெக்ட் டார்க், எவர்வைல்ட் என்ற விளையாட்டுகளும் அதோடு நின்றுபோயின. அக்டோபரில் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தாவை அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்கு ஏற்றினார்கள். அப்போதெல்லாம் முட்டம் பாறை காலியாகத்தான் கிடந்தது, இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். பக்கத்து இலையில் பிரதமன் விழுந்தபோதுதான் உங்களுக்கு ரோஷம் வந்தது.

ரொம்பக் கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு எக்ஸ்பாக்ஸ் வாங்கச் சொன்னவன் நான். 2021-இல் கடைக்கு ஏதோ புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தான். பிஎஸ்5 எங்கேயும் கிடைக்காத நேரம். எது வாங்கலாம் அண்ணே என்று கேட்டான். ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். கடைசியாகச் சொன்னது இதுதான்: "ஹேலோ வேணும்னா இதுதான் தம்பி. செத்தாலும் அது அங்க போகாது." யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. என் வாயால் நானே சொன்னது.

வீடியோவை முழுதாகப் பார்த்தீர்களா? கையை ஓங்குவதற்கு முன்னால் "செத்தாலும் அங்க போகாதுன்னு சொன்னாங்க" என்கிறான். காற்று இரைச்சலில் பலருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பதினோரு பேர் அனுப்பியதிலும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

ஹேலோ பிஎஸ்5-க்கு வருகிறது என்ற அறிவிப்பு வந்தது 2025 அக்டோபர் 24, நமக்கு விடிந்தால் 25. காலையில் பார்த்துவிட்டு, ஷோகேஸிலிருந்து ஹேலோ 3 டிஸ்க்கை எடுத்துத் துடைத்து வைத்தேன். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது, வாங்கும்போதே தெரியும். எதற்கு இதைத் துடைக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். தூசி என்றேன்.

தம்பி, கடையில் ஒரு கன்ட்ரோலர் கிடக்கிறது. மகள் மட்டிப்பழம் தின்ற கையோடு பிடித்ததில் எக்ஸ் பட்டன் கொஞ்சம் ஒட்டும், மற்றபடி குறை இல்லை. ஆறு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, வந்து எடுத்துக்கொள். பேட்டரி நான் தர மாட்டேன். உன் வீட்டுக் கடிகாரத்தில் இருக்கும்.