பானைக் குறி எழுத்தல்ல

மத்திய ஆசியப் பழம்பானைகளில் உள்ள கீறல்கள் எல்லாம் எழுத்துகளாம், சேர்த்துப் படித்தால் தொலைந்துபோன மொழி ஒன்று கிடைக்குமாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

அவற்றில் பல, தம்கா எனப்படும் குலக்குறிகள். கால்நடைகளுக்குச் சூடு போடவும் தம்காதான். வேறு சில, குயவர் தன் அடையாளமாகக் கீறியவையாக இருக்கலாம். பெரும்பாலும் பானைக்கு ஒரு குறிதான், வரியாக ஓடாது.

தாஷ்கண்ட் பகுதியில் இருந்த பழைய சாச் நாட்டின் நாணயத்தைப் பாருங்கள்: நடுவில் தம்கா, சுற்றிலும் சோக்டியம் என்ற பழைய மத்திய ஆசிய மொழியின் எழுத்தில் வாசகம். குறி வேறு, எழுத்து வேறு என்பது நாணயம் அடித்தவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அப்புறம், மங்கோலியாவில் 732-இல் நிறுத்திய, துருக்கிய இளவரசர் குல் தெகினின் நினைவுக்கல். மேலே மலையாட்டுக் குறி, கீழே துருக்கிய வாசகம். 1893-இல் டென்மார்க் மொழியியலாளர் வில்ஹெல்ம் தாம்சன் படித்துக் காட்டியது அந்த எழுத்துகளைத்தான். ஆட்டுக்குறிக்கு ஒலியே கிடையாது.