வெங்காயக் கடையில் கற்ற மலையாளமும் தீவுக் கதையில் கற்கும் ஆங்கிலமும்

அண்ணன் மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்கு இருபது ஆங்கிலச் சொல், எதிரே தமிழில் பொருள். நீல மையில் சொல், சிவப்பு மையில் அடிக்கோடு. மணிமணியான கையெழுத்து. அதில் ‘மரூன்ட்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் எதிரே ‘தனித்து விடப்பட்ட’ என்று எழுதியிருந்தாள்.

“ஏம்மா, ஒரே சொல்லை மூணு தடவ எழுதியிருக்க?”

“மறந்து போவுது சித்தப்பா. எத்தன தடவ எழுதினாலும் நிக்க மாட்டேங்கு. மரூன்னா எனக்குப் பட்டுச்சேலை கலர்தான் ஞாபகம் வருது.”

பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் படித்த காலத்திலும் இதே கதைதான். தினம் இருபது சொல் எழுதிக்கொண்டு போகாவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். அப்படி எழுதியதில் இன்று ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆனால் அதே வயதில், யாரும் சொல்லித் தராமல், ஒரு முழு மொழியைக் கற்றுக்கொண்டேன். அந்த மொழி மலையாளம்.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதுவரை மலையாளச் சீமை. அப்பா காய்கறி வியாபாரி. பள்ளி விடுமுறையில் மூட்டைகளோடு என்னையும் ரயிலில் ஏற்றிவிடுவார். 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. ஆரியங்காவு குகையைத் தாண்டி, தென்மலை இறங்கி, புனலூர் போய்ச் சேரும். அங்கே சந்தையில் அப்பா தராசு பிடிப்பார், நான் சாக்கின் மேல் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுவேன்.

ஒருநாள் அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு சேச்சி வந்து சின்ன வெங்காயத்தைக் காட்டி, “குறச்சு மதி” என்றார். விலையைக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, “குறைக்க முடியாதுக்கா, அப்பா ஏசுவாக” என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ‘இத்தனூண்டு’ என்று காட்டி, மறுபடி நிதானமாக “குறச்சு… மதி” என்றார். கொஞ்சம் போதும் என்று அர்த்தம். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ‘குறச்சு’ என்று யார் சொன்னாலும் அந்த இரண்டு விரல்தான் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

எல்லையோரத்துக்காரர்கள் எல்லாரும் மலையாளமோ தெலுங்கோ இப்படித்தான் கற்றுக்கொண்டோம். சொல் தனியாக வரவில்லை. ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு பதற்றம், இல்லாவிட்டால் ஒரு சிரிப்பு, ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அப்படியிருக்க, ஆங்கிலம் என்றதும் அந்த வித்தையை ஏன் வாசலிலேயே கழற்றி வைக்கிறோம்?

சந்தையில் கிடைத்த அந்தப் பதற்றமும் ஆர்வமும் ஒரு புத்தகத்திலும் கிடைக்கும் என்றால், அது பழைய சாகச நாவலில்தான் என்பது என் அனுபவம். அண்ணன் மகளிடம் ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையைக் கொடுத்தேன். 1883-இல் புத்தகமாக வந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 34 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சின்னது. நாளுக்கு ஒன்று படி, அத்தியாயம் முடியும் வரை அகராதியைத் தொடாதே, தெரியாத சொல்லின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வை என்று சொன்னேன்.

பதினைந்தாம் அத்தியாயத்தில் பென் கன் வருகிறான். கூட்டாளிகளே தீவில் விட்டுவிட்டுப் போய், மூன்று வருஷமாக ஆட்டுக்கறியும் காட்டுப் பழமும் சிப்பியும் தின்று பிழைத்தவன். மனிதன் முகத்தைப் பார்த்ததும் அவன் கேட்கிற முதல் பொருள் ஒரு துண்டு சீஸ். ராத்திரியெல்லாம் சீஸ் கனவாம். அந்த இடத்தில் வருகிறது ‘மரூன்ட்’. அன்று இரவே போன் பண்ணினாள். “சித்தப்பா, என்னைய அப்படி விட்டுட்டுப் போனா எனக்கு பிரானூர் பார்டர் புரோட்டாதான் கனவுல வரும்.” இனி அந்தச் சொல்லை அவள் நோட்டில் எழுத வேண்டியதில்லை.

சேலைக் கலர் மரூனுக்கும் இதற்கும் உறவே இல்லை என்பதையும் அப்போது சொன்னேன். கலர் பிரெஞ்சு மொழியில் செஸ்ட்நட் கொட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தீவில் விடுவது, ஸ்பானிய மொழியில் ‘தப்பிக் காட்டுக்குள் ஓடியவன்’ என்பதிலிருந்து. இது வெறும் கதையும் இல்லை. 1704-இல் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமியை ஆளில்லாத தீவில் இறக்கிவிட்டார்கள், 1709-இல்தான் மீட்டார்கள். மீட்ட கப்பலுக்கு வழிகாட்டி வில்லியம் டாம்பியர். அதே டாம்பியர்தான் 1697-இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதும்போது நம்முடைய கட்டுமரத்தை ‘காட்டமரான்’ என்று எழுதிவைத்தவர். இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம் சொல்லும் அந்தக் கப்பலில் ஏறிப் போயிருக்கிறது! தேக்கு ‘டீக்’ ஆனதும், கயிறு ‘காயர்’ ஆனதும் நம் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துதான்.

‘அட்வான்ஸ்ட் வொகாபுலரி’ என்றாலே நாலு வரி நீளத்தில் லத்தீன் வாடை அடிக்கிற சொல் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் நமக்குக் குறைவாக இருப்பது வினைச்சொற்கள். நம் ஆள் ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாரும் ‘வாக்’ பண்ணுவார்கள், ‘ரன்’ பண்ணுவார்கள், அவ்வளவுதான். தமிழில் நாம் அப்படியா பேசுகிறோம்? தள்ளாடுகிறான், நொண்டுகிறான், பதுங்குகிறான், தாவுகிறான், தொற்றி ஏறுகிறான், இருட்டில் துழாவுகிறான் என்று எத்தனை வைத்திருக்கிறோம்! சாகச நாவலில் யாராவது எந்நேரமும் தப்பி ஓடிக்கொண்டோ, ஏறிக்கொண்டோ, விழுந்துகொண்டோ இருப்பதால், ‘ஸ்டாகர்’ (தள்ளாடு), ‘லர்ச்’ (திடீரென ஒரு பக்கம் சாய்), ‘கிளாம்பர்’ (தொற்றி ஏறு), ‘குரோப்’ (துழாவு) போன்ற சொற்கள் இந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும். எந்த உடல் அசைவுக்கு எந்தச் சொல் என்று கண்ணால் பார்த்த மாதிரி பதிந்துவிடும்.

பாய்மரம், கயிறு, கப்பலின் மூலை முடுக்குகளின் பெயர்களை எல்லாம் அப்படியே விட்டுவிடலாம். கதை நிற்காது. மூன்று தடவைக்கு மேல் எதிர்ப்படுகிற சொல்லை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் தெரிந்த சொல்லே வேறு பொருளில் வரும். ‘பிரசன்ட்லி’ என்றால் இப்போது என்று எடுத்துக்கொள்வோம், அங்கே ‘சற்று நேரத்தில்’. ‘சிங்குலர்’ என்றால் ஒருமை இல்லை, விசித்திரம். மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு என்று தெரியாமல் முழித்தவர்களுக்கு இது புதிதா என்ன?

இன்னொன்றும் மனம் திறந்து சொல்ல வேண்டும். இந்த வகைப் புத்தகங்கள் பலவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் உச்சத்தில் எழுதப்பட்டவை. 1885-இல் ஹாகார்ட் எழுதிய ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ விறுவிறுப்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஆப்பிரிக்க மக்களை அது பார்க்கிற பார்வை எனக்கு வலிக்கிறது. பிள்ளைகளிடம் கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் பேசுங்கள். பேசாமல் கொடுப்பதாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம்.

“தேர்வு மூணு மாசத்துல, நாவல் படிக்க நேரம் எங்க?” என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. மூன்று மாதத்தில் தேர்வு என்றால் பட்டியலும் வேண்டும்தான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலால் மட்டும் எத்தனை தூரம் போக முடியும்? அகராதி இல்லாமல் ஒரு ஆங்கில நாவலைப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2006-இல் கணக்குப் போட்டார். நாளுக்கு இருபது என்று எழுதினாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒன்றுகூட மறக்காமல் இருந்தால். மூன்று தடவை எழுதிய ‘மரூன்ட்’ என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் இருந்தாள். கதையின் நாயகச் சிறுவன் ஜிம், கடற்கரையில் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்னப் படகைக் கண்டுபிடிக்கிறான், ‘கொராக்கிள்’ என்று பெயர். மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், மயிர்ப் பக்கம் உள்ளே. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அகராதியை எடுக்கவில்லை.

“சித்தப்பா, ஒகேனக்கல் போனப்போ நாம ஏறுனமே, பரிசல். அதுதானே இது?”

அதுவேதான் என்றேன். புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் பன்னிரண்டு அத்தியாயம் இருக்கிறது.