பிழைக்கத் தெரியாத மனுஷன்

நேற்று நான் போட்ட லண்டன் கிரீனிச் தேவாலயப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: அந்தக் கோயில் யார் பேரில் இருக்கிறதோ, அந்தப் புனிதரைப் பற்றி ஒருவர் எழுதியது இது. "3000 பவுண்டுக்காக உயிரை விட்டிருக்கார், பிழைக்கத் தெரியாத மனுஷன்." அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கோயிலுக்குப் போய் வந்தவர்கள். 1491-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு ஞானஸ்நானம் நடந்தது அங்கே இருந்த பழைய கோயிலில், இசைமேதை தாமஸ் டாலிஸ் அடங்கியது அங்கே, இப்போதைய கட்டடம் கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மூருடையது என்று எனக்கே வகுப்பெடுத்திருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் கோயிலுக்கு ஹென்றி பேரையா வைத்தார்கள்? ஹாக்ஸ்மூர் பேரையா? புனித ஆல்ஃபிஜ் கோயில் அது.

ஆல்ஃபிஜ் கேன்டர்பரிப் பேராயர். 1011-இல் படையெடுத்து வந்த டென்மார்க் வைக்கிங்குகளான டேனியர்கள் ஊரைச் சூறையாடி அவரைப் பிடித்துப் போனார்கள். ஏழு மாதம் கைதி. நாடு கட்ட வேண்டிய கப்பம் வந்து சேர்ந்துவிட்டது. இவர் தலைக்கு மட்டும் தனியாக 3000 பவுண்டு கேட்டார்கள். அந்தப் பணம் வானத்திலிருந்தா விழும்? திருச்சபை நிலத்தில் உழுகிறவன் மடியை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். எனக்காக யாரும் எதுவும் தரக்கூடாது என்றார். 1012 ஏப்ரல் 19, கிரீனிச். குடித்திருந்த கூட்டம் மாட்டு எலும்பையும் மாட்டுத் தலையையும் வீசி அடித்தது. கடைசியில் கோடரியின் பின்பக்கத்தால் மண்டையில் ஒரு போடு. இதற்குத்தான் சிரித்தீர்கள்.

"மதத்துக்காகச் சாகவில்லையே, இவர் எப்படிப் புனிதர்?" என்று ஒருவர். ஐயா, இதை லான்ஃபிராங்க் உங்களுக்கு 900 வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் கேன்டர்பரிப் பேராயராக இருந்தவர். நீதிக்காகச் சாகிறவன் கிறிஸ்துவுக்காகவே சாகிறான் என்று துறவி ஆன்செல்ம் அவருக்குப் பதில் சொன்னார். லான்ஃபிராங்க் ஏற்றுக்கொண்டார். நீங்கள் ஏற்க வேண்டாம்.

"பேராயரும் நிலப்பிரபுதானே?" ஆமாம், நிலப்பிரபுதான். போதுமா? தன் உயிருக்குக் குடியானவனிடம் வசூலிக்க மாட்டேன் என்ற நிலப்பிரபு இன்னொருவரைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். "நீங்க எப்போ பாதிரியார் ஆனீங்க?" என்றவருக்குப் பதில் கிடையாது.

அந்தக் கோயிலுக்கும் காசுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போலிருக்கிறது. 1710 புயலில் பழைய கூரை இடிந்து விழ, கிரீனிச் மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார்கள்: லண்டன் புனித பவுல் பேராலயத்துக்காக இத்தனை வருஷம் நிலக்கரி வரி கட்டினோமே, எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று. அதன் பிறகுதான் 1711-இல் 50 புதிய கோயில்களுக்கான சட்டமே வந்தது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்ற அதே வார்த்தையை நான் ஒரு மருத்துவமனை வராந்தாவில் கேட்டிருக்கிறேன். என் அப்பாவைச் சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை விற்கலாம் என்றோம். "அதைத் தொட்டீங்கன்னா நான் மாத்திரையே முழுங்க மாட்டேன்" என்றார். முழுங்கவும் இல்லை. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வராந்தாவில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என்ன பிடிவாதம், யாருக்காக இந்த வீம்பு என்று. தங்கச்சி இன்றைக்கும் அந்த வளையல்களைப் போடுவதில்லை.

பேராயரோடு அப்பாவை ஒப்பிடுவதா என்று இதற்கும் யாராவது கிளம்பி வருவீர்கள். வாருங்கள். ஆல்ஃபிஜுக்கு கிரீனிச்சில் ஒரு கோயில் இருக்கிறது, இங்கிலாந்திலேயே சாலிஹல் என்ற ஊரில் ஒன்று இருக்கிறது. என் அப்பாவுக்கு இருப்பது நான் போடுகிற பதிவு மட்டும்தான்.

சிரிப்பு முகம் போட்டவர்கள் எடுத்துவிட்டால் நல்லது. எடுக்காவிட்டாலும் சரி, யார் யார் என்று பார்த்துவிட்டேன்.