களிப்பு குடிகாரச் சொல் இல்லை

அந்தக் கல்யாணப் பத்திரிகை நேற்று குடும்பக் குழுவில் என்ன பாடுபட்டது என்று பலரும் பார்த்திருப்பீர்கள். "களிப்புடன் அழைக்கிறோம்" என்று எழுதியிருந்தேன். "கள்ளிலிருந்து வந்த குடிகாரச் சொல், மங்கல காரியத்துக்கு ஆகாது" என்று சொல்லி, என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் அந்தச் சொல்லை அடித்துவிட்டார்கள்.

கள்ளோடு உறவுள்ள சொல்தான், நான் எங்கே மறுத்தேன்? கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே 'களித்தறியேன்' என்று வருகிறது. அங்கே குடிப்பதுதான் பொருள். சரி, அதே வள்ளுவர் 1281-ஆம் குறளில் என்ன சொல்கிறார்?

"உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும்
கள்ளுக்கில் காமத்திற்கு உண்டு."

நினைத்தாலே களிப்பதும் பார்த்தாலே மகிழ்வதும் கள்ளுக்குக் கிடையாதாம், காதலுக்குத்தான் உண்டாம். கள்ளை ஓர் அதிகாரம் முழுக்கக் கண்டித்தவரே அந்தச் சொல்லைக் காதலுக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

'மகிழ்ச்சி' என்று போடலாமே என்கிறீர்கள். பழந்தமிழில் 'மகிழ்' என்றாலும் கள்தான், கள் தரும் மயக்கம்தான். 'உவகை'? புறநானூறு 277-இல், மகன் போரில் யானையை வீழ்த்தி மாண்டான் என்று கேட்ட கிழத்தாய்க்கு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிய உவகை வருகிறது. உங்கள் கணக்குப்படி அது சாவு வீட்டுச் சொல்லா? பிறந்த இடத்தைப் பார்த்துச் சொல்லைத் தள்ளினால் ஒன்றும் மிஞ்சாது.

யாருக்கும் புரியாத சொல் என்றும் ஒருவர் சொன்னார். தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் "கண்டு களியுங்கள்" என்கிறார்களே, அதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தோமா?

நான் விடுதியில் படித்தபோது அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் "உன் கடிதம் கண்டு களித்தோம்" என்றுதான் தொடங்கும். வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர். 'குடிகாரச் சொல்' என்று படித்தபோது அவரைச் சொன்னது போலத்தான் வலித்தது.

பெரியவர்கள் சொன்னால் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தாலே அதட்டுவார்கள். அதட்டுகிறவர்களுக்கு மகிழ்ச்சி கொஞ்சம் அதிகமானாலே பயம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவளுக்கு அந்த வரி பிடித்திருந்தது. அவளிடம் யாராவது கேட்டார்களா?